தாசில்தாரின் துப்பாக்கி, கார்பெட்டின் துப்பாக்கி

இன்னைக்குக் கதை 1907இல், இமயமலை அடிவாரத்து குமாவுன் பகுதியில், சம்பாவத் என்ற ஊர்ப் பக்கம் தொடங்குது. அங்கே ஒரு பெண்புலி. நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து அது 436 பேரைக் கொன்றது என்று கணக்கு. அதைச் சுடப் போனவர் ஜிம் கார்பெட். அப்போ அவர் ரயில்வேயில் சரக்கு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்டர்.

ஊர்த் தாசில்தார் கிட்டத்தட்ட 300 ஆட்களைத் திரட்டி, கிடைத்ததையெல்லாம் தட்டிச் சத்தம் எழுப்பி, மலைச்சரிவிலிருந்து புலியை விரட்டச் செய்தார். கார்பெட் கையில் .500 ரைஃபிள். தோட்டா மூணே மூணு. மூன்றும் தீர்ந்த பிறகும் புலி விழவில்லை, காயத்தோடு எதிரே நின்றது. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கிட்டே வந்து குறிவைக்கும்போதுதான் கவனிக்கிறார்: குழலுக்கும் பின்பக்க அடைப்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி! சுட்டால் நெருப்பு முன்னால் போகுமா, சுடுகிறவர் கண்ணுக்கே வருமா என்று தெரியாது. இருந்தும் சுட்டார். தலைக்கு வைத்த குறி, புலியின் பாதத்தில் பட்டது. நல்லவேளை, முன்பே பட்ட குண்டுகளால் அது செத்துக்கொண்டுதான் இருந்தது.

இதைப் பாராட்டி ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு துப்பாக்கி பரிசளித்தார். லண்டன் ஜான் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். கட்டையில் வெள்ளித் தகடு பதித்து, எதற்காகக் கொடுத்தது என்ற விவரமும் பொறித்திருக்கும்.

ஆக, ஒரே கதையில் ரெண்டு துப்பாக்கி. ஒண்ணு சுடுகிறவரையே பயமுறுத்துற துப்பாக்கி. இன்னொண்ணு அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்க முடிஞ்ச மிக நல்ல துப்பாக்கிகளில் ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் வேட்டைக்காரர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல கேட்டுக்கிட்டு இருக்கிற கேள்வி இருக்கு: டெய்லர்கிட்ட அளவு கொடுத்துத் தைக்கிற மாதிரி, ஒரு பட்டறையில் ஆர்டர் கொடுத்துத் துப்பாக்கி செய்யச் சொல்றதா? இல்ல, ஃபேக்டரியில் ஆயிரக்கணக்கில் வர்றதில் ஒண்ணை வாங்கிக்கிறதா?

இது வாங்குறதுக்கான கைடு இல்லைங்க. நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், எனக்கும் அதில் ஆசை கிடையாது. அப்புறம் எதுக்கு இந்த எபிசோட்? சம்பாவத் புலியோட வாயைப் பார்த்தா காரணம் தெரியும். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள், மேலேயும் கீழேயும், உடைஞ்சிருந்தது. என்றைக்கோ யாரோ சுட்ட குண்டு. பல் போனதால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனுஷனைத் தேடி வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. அதாவது சரியாக விழாத ஒரு குண்டுக்கு விலை 436 உயிர். எந்தத் துப்பாக்கி நல்லதுங்கிறது பணக்காரங்க பொழுதுபோக்குப் பேச்சு மாதிரி தெரியும். ஆனா தப்பான துப்பாக்கியோட கணக்கைக் கடைசியில் கட்டினது விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் காட்டுக்குப் போன பெண்கள்.

சரி, கொஞ்சம் பின்னாடி போகலாம்.

19ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் இந்தக் கேள்விக்கே அவ்வளவாக இடமில்லை. நல்ல துப்பாக்கின்னாலே கையால் செய்ததுதான். குழல் செய்ய ஒருத்தர், விசைப்பூட்டு செய்ய ஒருத்தர், கட்டை செதுக்க ஒருத்தர். ஒவ்வொருத்தரும் அரம் வச்சு ராவி ராவி, ஒரு பாகத்தை இன்னொரு பாகத்தோட பொருத்துவாங்க. அதனால ஒரு துப்பாக்கியோட ஸ்க்ரூ அடுத்த துப்பாக்கிக்குச் சேராது. காட்டில் ஒரு பாகம் உடைஞ்சா அவ்வளவுதான்.

1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் என்ற கம்பெனி ஆறு ரைஃபிள்களைக் கொண்டுவந்து வச்சுது. ஆறையும் பிரிச்சுப் போட்டு, பாகங்களைக் கலைச்சு, திரும்ப ஆறு துப்பாக்கியா மாட்டலாம். எல்லாம் மெஷினில் வெட்டின பாகம். பிரிட்டிஷ்காரங்க அசந்துபோய், சில வருஷத்துக்குள்ள அமெரிக்க மெஷின்களையே வாங்கி என்ஃபீல்டில் அரசு ஆயுதத் தொழிற்சாலையை மாத்தி அமைச்சாங்க. ஃபேக்டரி துப்பாக்கிங்கிற யோசனை பிரிட்டனில் வேரூன்றின இடம் அதுதான்.

ஆனா லண்டன் பட்டறைகள் மூடிப்போகல. பணம் இருக்கிறவங்களுக்கு அவங்க வேற ஒண்ணை வித்தாங்க: உடம்புக்குப் பொருந்துற துப்பாக்கி.

இதைக் கொஞ்சம் நின்னு பேசணும். துப்பாக்கியைத் தோளில் வச்சதும் கன்னம் கட்டை மேல உட்காரும். அப்போ கண்ணு, பின் குறி, முன் குறி மூணும் தானா ஒரே நேர்கோட்டில் வரணும். வரலைன்னா தலையைச் சாய்ச்சு, கழுத்தை நீட்டித் தேடணும். நிதானமா உட்கார்ந்து சுடுறப்போ இது ஒரு பிரச்சினையே இல்லை. புதருக்குள்ளிருந்து ஒண்ணு பாய்ஞ்சு வர்றப்போ அந்தத் தேடுற அரை விநாடிதான் எல்லாம். அதனால ஆர்டர் கொடுக்குறவர் கையில் ஒரு மாதிரித் துப்பாக்கியைக் கொடுப்பாங்க. அதோட கட்டையை நீட்டலாம், குறைக்கலாம், ஏத்தலாம், இறக்கலாம், பக்கவாட்டில் வளைக்கலாம். அவருக்குச் சரியா வந்ததும் அந்த அளவைக் குறிச்சு வச்சு, வால்நட் மரத்தில் செதுக்குவாங்க. கை நீளம், கழுத்து நீளம், தோள் அகலம் எல்லாம் அந்தக் கட்டையில் இருக்கும்.

ரெட்டைக்குழல் ரைஃபிள்னா வேலை இன்னும் நுணுக்கம். ரெண்டு குழலும் பார்க்க இணையா இருக்கும், ஆனா இல்லை. வலது குழல் வெடிக்கும்போது உதைப்பு துப்பாக்கியை வலப்பக்கம் தள்ளும், இடது இடப்பக்கம். அதனால குழல்களை முன்பக்கம் லேசா ஒண்ணோடொண்ணு சாய்ச்சு, நடுவில் ஒரு சின்ன ஆப்பு வச்சுப் பற்றவைப்பாங்க. அப்புறம் ஒரு ஆள் சுட்டுப் பார்ப்பார். ரெண்டு குண்டும் ஒரே இடத்தில் விழலையா? பத்தை உருக்கி, ஆப்பை நகர்த்தி, திரும்பப் பற்றவைச்சு, திரும்பச் சுடணும். ரெண்டும் சேர்ற வரைக்கும் இதே வேலை. இதுக்கு ஃபார்முலா கிடையாது, கைப்பழக்கம்தான். இதை ரெகுலேட் பண்றதுன்னு சொல்வாங்க.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. எந்தத் தோட்டாவை வச்சு ரெகுலேட் பண்ணாங்களோ, அந்தத் தோட்டாவுக்கு மட்டும்தான் ரெண்டு குழலும் சேரும். மருந்து அளவு மாறினா குண்டுகள் பிரிஞ்சு போகும். நம்ம ஊர் வெயிலில் கார்டைட் மருந்தோட அழுத்தம் ஏறும். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் குழலில் மாட்டிக்கும். அதுக்காகவே மருந்தைக் குறைச்சு, வெப்பநாட்டுத் தோட்டான்னு தனியா தயாரிச்சாங்க. ஆக, குளிர்நாட்டுத் தோட்டாவில் சரிபார்த்த துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு சென்னை வெயிலில் இறங்குற அதிகாரிக்கு, அளவெடுத்துச் செய்த பொருளே கொஞ்சம் அந்நியமாகிடும்.

அதே 1907இல் இன்னொரு கூத்து. .450 அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு தடை போட்டுது. பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தத் தோட்டா, குண்டு கிளர்ச்சிக்காரங்க கையில் போய் உதவும்னு பயம். லண்டன் பட்டறைகள் சும்மா இருக்குமா? .465, .470, .475னு புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தாங்க. அரைப் புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசத்தில் இத்தனை தோட்டா வகை வந்ததுக்கு அறிவியல் காரணம் தேடாதீங்க, பெரும்பாலும் இந்தத் தடைதான்.

இப்போ கார்பெட்டோட ரிக்பிக்கு வருவோம். லண்டன் கைவேலைன்னு சொன்னேன் இல்லையா? அதோட இதயமான பகுதி, அதாவது தோட்டாவை ஏத்தி, பூட்டி, வெடிச்ச கூட்டை வெளியே தள்ளுற போல்ட் அமைப்பு, ஜெர்மனியில் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் இருந்த மவுசர் ஃபேக்டரியில் செய்தது. ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் செய்த அதே வடிவமைப்பு. தோட்டாவும் மவுசருடையதுதான். 7 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவுக்கு ரிக்பி வச்ச இங்கிலீஷ் பேர் .275. தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சுட்டது இதே தோட்டாவால்தான். பேரை மாத்தினதும் அது கனவான்களோட தோட்டா ஆயிடுச்சு! இன்னொண்ணு, ஜான் ரிக்பியே 1887லிருந்து சில வருஷம் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலைக்குத் தலைமை மேற்பார்வையாளரா இருந்தவர். கைவேலைக்குப் பேர் போன கம்பெனியின் முதலாளிக்கு மெஷின் மேல எந்த வெறுப்பும் இல்லை. எது மெஷின் நல்லா செய்யும், எது கைதான் செய்யணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. போல்ட்டை ஃபேக்டரிகிட்ட விட்டுட்டாங்க. கட்டை, குறி, விசையின் இழுப்பு, மொத்தத்தோட எடைச்சமநிலை இதையெல்லாம் தங்கள் கையில் வச்சுக்கிட்டாங்க.

என் பார்வையில் இந்தச் சண்டைக்கு அங்கேயே தீர்ப்பு வந்தாச்சு. ஆனா அடுத்த நூறு வருஷம் யாரும் அதை ஒத்துக்கல.

உதாரணத்துக்குத் தியடோர் ரூஸ்வெல்ட். 1909இல் அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கின கையோட கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கிளம்பினார். கூடவே ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு விலங்கு மாதிரிகள் சேகரிக்கிற வேலையும். அவர் கூட எடுத்துப்போனதில் மூணு துப்பாக்கி நம்ம கதைக்கு அப்படியே பொருந்தும். ஒண்ணு ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரெட்டைக்குழல், இங்கிலாந்து நண்பர்கள் சேர்ந்து பரிசளித்தது. இன்னொண்ணு ராணுவ ஸ்பிரிங்ஃபீல்டு, கட்டையும் குறியும் மட்டும் அவருக்காக மாத்தினது. மூணாவது சுத்தமான ஃபேக்டரி சரக்கு: ஜான் பிரவுனிங் வடிவமைச்ச வின்செஸ்டர் 1895 மாடல், .405 தோட்டா. சிங்கத்துக்கு அதுதான் மருந்துன்னு அதைப் புகழ்ந்து எழுதியிருக்கார்.

ஆனா அந்த வின்செஸ்டர் கம்பெனிகிட்ட அவர் போட்ட சண்டை இருக்கே! மாதிரிக்குத் தன்னோட சொந்தத் துப்பாக்கியையே அனுப்பி, கட்டையும் குறியும் இப்படித்தான் வேணும்னு சொல்லியிருந்தார். வந்தது வேற மாதிரி. கோபமா கடிதம் போட்டார். அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை, ஒரு கண்ணில் குத்துச்சண்டையில் பட்ட அடியால் பார்வையும் போயிருந்தது. குறி எங்கே எப்படி இருக்கணும்ங்கிறது அவருக்கு வெறும் அடம் இல்லை. நாட்டின் ஜனாதிபதியா இருந்தவருக்கே ஃபேக்டரி வழக்கமான அளவில்தான் முதலில் அனுப்பிச்சுது என்றால், தபாலில் ஆர்டர் போட்ட விவசாயியோட கதி என்னன்னு யோசிங்க.

அதே 1895 மாடலின் .405 நம்ம பக்கத்துக்கும் வந்தது. பெங்களூருவில் இருந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, பென்னாகரம், தாளவாடின்னு இன்னைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஈரோடு மாவட்டங்களில் இருக்கிற காடுகளைப் பற்றி எழுதினவர், கடைசி வரைக்கும் நம்பினது இந்த ஃபேக்டரி துப்பாக்கியைத்தான். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆளுக்கு லண்டன் ரெட்டைக்குழல் எட்டாத பொருளா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. .405 சாதாரண உதை உதைக்காது. கட்டை பின்னால் ரொம்ப இறங்கி இருக்கும், அதனால சுட்டதும் முன்பக்கம் தூக்கிக்கிட்டு கட்டை கன்னத்தில் அடிக்கும். குழலிலும் தோட்டாவிலும் குறை சொல்ல ஒண்ணுமில்லை. குறை, ஃபேக்டரி எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டின அந்த மரத்தில். ஆண்டர்சன் அதுக்குத் தன் உடம்பைப் பழக்கிக்கிட்டார். துப்பாக்கி ஆளுக்குப் பொருந்தலைன்னா ஆள் துப்பாக்கிக்குப் பொருந்தணும், வேற வழி இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. கஸ்டமா ஃபேக்டரியாங்கிற தேர்வு யாருக்கு இருந்தது? 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் துப்பாக்கி வச்சுக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. புலி வந்து போற கிராமத்துக்காரர் கையில் பெரும்பாலும் ஒண்ணுமே இருக்காது. இருந்தாலும் வாய் வழியா மருந்தும் ரவையும் கெட்டிச்சுச் சுடுற நாட்டுத் துப்பாக்கி. அதில் மானைச் சுடலாம், பன்றியை விரட்டலாம். புலியைக் காயப்படுத்தலாம், கொல்றது கஷ்டம். அப்படிக் காயம்பட்டது மனுஷனைத் தின்ன ஆரம்பிச்சா, அதைக் கொல்ல லண்டன் துப்பாக்கியோட ஒருத்தர் வரணும். சம்பாவத் புலியின் பல்லை உடைச்சது யார்னு கார்பெட் எழுதல. நாட்டுத் துப்பாக்கியா இருக்கலாம், அவசரப்பட்ட ஒரு அதிகாரியோட விலையுயர்ந்த ரைஃபிளாவும் இருக்கலாம். ஒரு தாசில்தாருக்கே குழலும் அடைப்பும் ஒட்டாத துப்பாக்கிதான் வாய்ச்சதுங்கிறதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

இனி வேகமா இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துடுவோம். 1936இல் வின்செஸ்டர் மாடல் 70 வந்தது. மவுசர் மாதிரியே, ஒரு பெரிய நகம் தோட்டாவின் அடியை வெளியே வந்த உடனே பிடிச்சுக்கும். துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சு போல்ட்டை இழுத்தாலும் தோட்டா கீழே விழாது. பாதி தள்ளிட்டுப் பதற்றத்தில் திரும்ப இழுத்தாலும் ரெண்டு தோட்டா சிக்காது. ஃபேக்டரி விலையில் பட்டறைத் தரம்னு கொண்டாடினாங்க. 1964இல் கம்பெனி செலவைக் குறைக்க அந்த நகத்தை எடுத்துட்டு எளிமையான அமைப்பை வச்சுது. கட்டையில் பிடிமானத்துக்குக் கையால் வெட்டுற கோடுகளுக்குப் பதிலா அச்சில் அழுத்தின கோடு. வாங்குறவங்க கொதிச்சுப்போனாங்க. இன்னைக்கும் ‘64க்கு முந்தினது’ன்னு சொன்னா பழைய துப்பாக்கிச் சந்தையில் விலையே வேற. 1990களில் கம்பெனி அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ’கானர் வழி எனக்குப் பிடிச்ச வழி. கடையில் ஒரு மாடல் 70ஐ வாங்கினார், .270. அதை அல் பீசன் என்ற கட்டை செதுக்குறவர்கிட்ட அனுப்பினார். போல்ட் வின்செஸ்டருடையது, மரம் பீசனுடையது. ரிக்பியும் மவுசரும் ஐம்பது வருஷம் முன்னாடி செய்த அதே கூட்டுதான், நாடு மட்டும் வேற.

இன்னைக்கு நிலைமை ஃபேக்டரி பக்கம் இன்னும் சாய்ஞ்சிருக்கு. கம்ப்யூட்டர் மெஷின்கள் போல்ட்டையும் குழலையும் வெட்டுற நுணுக்கத்தில், நூறு கஜ தூரத்தில் மூணு குண்டும் ஒரு அங்குலத்துக்குள் விழும்னு நடுத்தர விலை ரைஃபிளுக்கே சில கம்பெனிகள் உத்தரவாதம் கொடுக்குது. ஒரு காலத்தில் அது பட்டறைக்காரர் மட்டும் கொடுக்கக்கூடிய வாக்கு. ஆனா கட்டை நீளம் இன்னமும் பொதுவா பதிமூன்றரை அங்குலத்தை ஒட்டித்தான், சராசரி ஆணோட கைக்கு. குள்ளமான பெண்ணோ, நீளக் கை ஆளோ வாங்கினா பழைய கதைதான்.

கார்பெட் 1947இல் கென்யாவுக்குப் போனார், அவரோட ரிக்பி பின்னாடி ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்கிட்ட போய்ச் சேர்ந்தது. அவரோட புத்தகங்களைப் போட்டவங்க. 2015இல் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அந்தக் கம்பெனி இப்பவும் மவுசர் போல்ட்டிலேயே ரைஃபிள் செய்யுது.

வேட்டை சட்டப்படி நடக்குற ஊரில் இருக்கிற யாராவது ரெண்டில் எதை வாங்கலாம்னு என்கிட்ட கேட்டா, ஃபேக்டரி ரைஃபிளை வாங்கிட்டு, மிச்சக் காசை ரெண்டாப் பிரிக்கச் சொல்வேன். ஒரு பங்கு, கட்டையை உங்க தோளுக்கு வெட்டித் தர்ற ஆளுக்கு. இன்னொரு பங்கு, பழகிப் பார்க்கிறதுக்கான தோட்டாவுக்கு. இல்ல, லண்டன் ரெட்டைக்குழல்தான் வேணும்னு அடம்பிடிச்சா, பழசா ஒண்ணு விலைக்கு வந்தா, வெள்ளி வேலைப்பாட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: எந்தத் தோட்டாவுக்கு ரெகுலேட் பண்ணது, அந்தத் தோட்டா இப்போ கிடைக்குதா?